எறும்பு ஏறாத கோயில்

பெத்தேல்விளைக் கோயில் தரையை விட்டு எழும்பி நின்ற வருஷங்களில் பள்ளிக்கூட டீச்சரான நான்தான் அங்கே ஆர்கன் வாசித்தேன், ஆகையால் ஆளாளுக்குச் சொல்வதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் சர்ச் என்பதைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்லுவோம். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள், குழம்பட்டும். இன்றைக்கு அந்தக் கோயில் ஒரு மண்மேட்டின் மேல் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நல்ல மேடான இடமாகத் தேடிப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று மெச்சுவார்கள். கோயில்தான் முதலில் வந்தது, மேடு பிறகுதான் வந்தது என்று ஓடுகிற பஸ்ஸின் பின்னால் போய்ச் சொல்லவா முடியும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு வசூல் நடக்கும், இரண்டும் ஒரே வீட்டிலிருந்து புறப்படும். மாசிலாமணி அண்ணாச்சி பஞ்சாயத்தில் வரி வசூல்காரர். வீட்டு வரி, தண்ணீர் வரி, கடை வரி எல்லாம் அவர் தோள்பைக்குள்தான் போக வேண்டும். அவர் மனைவி சொர்ணபாய் அக்கா கோயில் பெண்கள் சங்கத்துக்குக் கைப்பிடி அரிசி சேர்க்கிறவர். எங்கள் வீடுகளில் உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைப்போம். அதைச் சனிக்கிழமை அக்கா வந்து வாங்கிப் போய், ஞாயிற்றுக்கிழமை பையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலின் நடுவழியே நடந்து, பீடத்துக்கு முன்னால் வைப்பார். அண்ணாச்சி தெருமுனையில் தெரிந்தால் ஆம்பிளைகளெல்லாம் ஊரிலேயே இல்லை என்று ஆகிவிடும். அக்கா தெரிந்தால் காப்பி கலக்கிவிடுவார்கள். அந்தக் காப்பியில் பாதியை அக்கா கொண்டுபோய், வெயிலில் நிற்கிற புருஷனுக்குக் கொடுப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி செங்கொடிப் பக்கத்து ஆள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் கட்சியில் பெயரைப் பதியவில்லை, மனசில் பதிந்து வைத்திருந்தார். அவர் எங்கள் கோயிலுக்குள் கால் வைக்கமாட்டார். அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பஞ்சத்தில் கோயிலில் அரிசி கொடுத்தார்கள். அப்போதிருந்த ஐயர், வாங்கினவர்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்து, வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். அண்ணாச்சியுடைய அம்மாவும் எழுந்து நின்றாள், நின்றவள் தலையை நிமிர்த்தவே இல்லை. அன்றைக்கு வெளியே போன பையன் திரும்ப நுழையவில்லை. கல்யாணம் பெண்ணின் ஊர்க் கோயிலில் நடந்ததால் மனிதர் பிழைத்தார்.

"குடுக்கிறவன் யாருன்னு வாங்குறவனுக்குத் தெரியக் கூடாது சொர்ணம். தெரிஞ்சா அவன் ஆயுசுக்கும் குனிஞ்சே நிக்கணும்" என்பார் அவர். "வரின்னா அப்படியில்ல. தர்மாஸ்பத்திரில ஊசி போட்டவன் யாருக்குக் கும்பிடு போடணும்? ஒருத்தனுக்கும் வேண்டாம். நிமிர்ந்து வீட்டுக்கு வரலாம்."

"நீங்க வரி வாங்குத வீட்டுல அடுப்பு எரியுதா எரியலையான்னு என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கியளா?" என்பார் அக்கா. "மனசில்லாம, பயந்துகிட்டுக் குடுக்குறதெல்லாம் ஒரு குடுக்குறதா? அது உங்க சர்க்காருக்கு வேணும்னா ஆகும். எங்க ஆண்டவருக்கு ஆகாது."

"என் சோத்துல நித்தமும் ஒரு பிடி எடுக்கியே, எங்கிட்டக் கேட்டியா? அதுக்குப் பேரு என்னளா? வரிதானே?"

அக்கா சிரித்துவிடுவார். அந்தச் சண்டை அவர்கள் வீட்டில் உப்பு மாதிரி, தினமும் வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா பெண்கள் சங்கத்துக்குத் தலைவியான அன்றைக்கே, அரிசி வாங்குகிறவர்களின் பெயர்களை வாசிப்பது நின்றுபோனது. முந்தானைக்குள் வைத்துத் தானே பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார், யாருக்குக் கொடுத்தார் என்று ஐயருக்கே தெரியாது. தன் புருஷனுக்காகத்தான் அப்படிச் செய்கிறேன் என்று அவர் சொன்னதில்லை. அண்ணாச்சியும் கேட்டதில்லை.

கொடுக்கிறவர்களின் பெயரை வாசிப்பது மட்டும் நிற்கவில்லை, அது பெருகிக்கொண்டே போனது. பம்பாயில் பலசரக்குக் கடை வைத்துப் பணக்காரரான பாக்கியநாதன் அண்ணாச்சி வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வருவார். கோயிலில் சுற்றுகிற எல்லா மின்விசிறியிலும் அவர் அப்பாவின் பெயர் சேர்ந்து சுற்றியது, டியூப்லைட்டுகளில் 'உபயம்' என்று அவர் பெயரை அத்தனை பெரிதாக எழுதியிருந்ததால் வெளிச்சம் இரண்டு ஓரத்திலிருந்துதான் வரும். கெட்ட மனிதர் இல்லை. சின்ன வயசில் செருப்பில்லாமல் ஊரை விட்டு ஓடினவர், திரும்பி வந்ததை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

அந்த வருஷத்து ஸ்தோத்திரப் பண்டிகையில், அதாவது விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து படைத்து, பிறகு வாசலில் ஏலம் போட்டு, ஒரு பூசணிக்காயை ஒரு ஆட்டின் விலைக்கு எடுத்துச் சந்தோஷப்படுகிற அந்தப் பண்டிகையில், ஐயர் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, கோயில் எழும்பியது. சத்தமில்லை, குலுக்கலில்லை. நின்ற பஸ் மெதுவாகக் கிளம்புகிற மாதிரி அடிவயிற்றில் ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். நான் ஆர்கனின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன், எப்போதும் தெரிகிற வேப்பமரத்தின் தண்டுக்குப் பதிலாக அதன் கிளை தெரிந்தது. ஐயர் மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்துத்தான் நிறுத்தினார், விட்டுப்போனால் வருத்தப்படுவார்கள் என்று. மின்கம்பி அறுபடவில்லை, அது பாக்கியநாதன் உபயம், தாராளமாக இழுத்திருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தவர்கள், தரை ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இருப்பதைக் கண்டு, செருப்பை எப்படி எடுப்பது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். ஏணி வந்தது. ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள், இறங்கின ஆண்களெல்லாம் தெருமுனைக்குப் போய்த் திரும்பி நின்றால்தான் இறங்குவோம் என்றார்கள், அப்படியே நடந்தது. சொர்ணபாய் அக்காவுக்கு முழங்கால் இரண்டும் அப்போதே போயிருந்தன, அவரை ஐயரின் நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி இறக்கினோம். கீழே அண்ணாச்சி கையை நீட்டிக்கொண்டு நின்றார். "பரலோகத்துல இருந்து வாறியா?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அந்த விஷயத்தோடு வாழப் பழகிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோயில் ஏன் எழும்பியது என்று எங்களில் யாரும் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முதல் மாதம் பக்கத்து ஊர்க் கூட்டம் வந்தது, வாழைக்காய் பஜ்ஜிக் கடை வந்தது. எங்கள் கோயில்களையெல்லாம் நிர்வகிக்கிற திருமண்டலத்திலிருந்து ஒரு கமிட்டி வந்து, அனுமதி வாங்காமல் கட்டடத்தை உயர்த்தியது யார் என்று விசாரித்துவிட்டுப் போனது. தாசில்தார் வந்து சுற்றிப் பார்த்து, நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நிலத்துக்கு மேலே நடப்பது எங்கள் இலாகா இல்லை என்று சொல்லி இளநீர் குடித்தார். பிறகு மழை வந்தது, கூட்டம் கலைந்தது, நாங்களும் கோயிலும் மிஞ்சினோம்.

கோயில்குட்டி, அதாவது கோயிலைக் கூட்டித் துடைத்து மணியடிக்கிற சீமோன், செங்குத்தாக ஒரு மரப்படி செய்து சாத்தினார், கால் திடமாக இருந்தவர்கள் அதில் ஏறிப் போனார்கள். அவருக்கு இதில் ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. "டீச்சர், பாத்தியளா? ஒரு எறும்பு இல்ல!" என்பார். எங்கள் கோயிலில் எறும்புத் தொல்லை பெரிது. காணிக்கையாக வருகிற கருப்பட்டி, வெல்லம், அரிசி, திருவிருந்தில் கொடுக்கிற இராப்போஜன அப்பம் ஒன்றையும் விடாது. இப்போது கோயில் எதையும் தொடாமல் நிற்பதால் எறும்பு ஏற வழியில்லை. மரப்படியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டார், மின்கம்பியில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றினார். பீடத்தில் ஒரு வட்டுக் கருப்பட்டியை வேண்டுமென்றே வைத்து, மறுநாள் அப்படியே இருப்பதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

கோயிலுக்குக் கீழேதான் நிழல். அப்படி ஒரு நிழலை எங்கள் ஊர் கண்டதில்லை. முதலில் ஆடுகள் வந்தன, பின்னால் ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள், அப்புறம் டீக்கடை, முடிதிருத்துகிறவரின் நாற்காலி, கீரைக்காரிகள் எல்லாம் வந்தார்கள். அம்மன் கோயில் தெருவிலிருந்தும் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் மதியத்தில் தலைசாய்க்க வந்தார்கள். செங்கொடிக்காரர்கள் தங்கள் கூட்டத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள், வாடகை இல்லாத மண்டபம். மேலே நாங்கள் பாடுவோம், கீழே அவர்கள் பேசுவார்கள். மேலே ஐயர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், கொடுக்கச் சொல்லிப் பிரசங்கிக்கும்போது கீழேயிருந்து, பணக்காரனுக்கு வரியைப் போடு என்று கோஷம் எழும்பும். ஆமென் சொல்லிவிட்டோமோ என்று சில நேரம் சந்தேகமாக இருக்கும். ஊர் மேல்கட்சி, கீழ்கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது, ஆனால் ஆராதனை முடிந்ததும் மேல்கட்சி இறங்கி வந்து கீழ்கட்சியோடு டீ குடித்தது. என் வாழ்க்கையில் நான் அதைவிட நல்ல டீயைக் குடித்ததில்லை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

மாசிலாமணி அண்ணாச்சிக்கு அங்கேயும் வேலை வந்தது. கோயிலுக்கு வரி கிடையாது, ஆனால் கோயிலுக்குக் கீழே நடக்கிற கடைகளுக்கு உண்டு. கூரை கோயிலுடையது, அதனால் எங்களுக்கும் விலக்குத்தான் என்று டீக்கடைக்காரர் வாதாடினார். "மழை பெய்தா ஒழுகுற கூரைக்கு வரி வாங்குறோம், ஒழுகாத கூரைக்கு வாங்கக் கூடாதா?" என்று கேட்டு அண்ணாச்சி வாங்கினார்.

இதற்கெல்லாம் நடுவில் சொர்ணபாய் அக்கா கீழே உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குள் அவர் வழக்கமாக உட்காருகிற பெஞ்சுக்கு நேர் கீழே ஒரு கல்லைப் போட்டு, ஆடுகளுக்கு நடுவில், ஞாயிறு தவறாமல், வெள்ளைச் சேலையில். சீமோன் மேலேயிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், அக்கா அரிசிப் பையைக் கூடையில் வைப்பார், கூடை மேலே போகும். பை போன பிறகும் அவர் கை இடுப்பில் அப்படியே இருக்கும். நான் ஜன்னலிலிருந்து ஒருநாள் அதைப் பார்த்துவிட்டேன், அன்றைக்கு எனக்குச் சுரம் தப்பியது.

"கூடையில போனா என்னக்கா, அரிசி அரிசிதானே?" என்று ஒரு முறை ஆறுதலாகச் சொன்னேன்.

"கொண்டு போயி வைக்கிறதுதான் டீச்சர் என் ஜெபம்" என்றார். "எனக்கு வேற ஜெபம் பண்ணத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லத் தெரிஞ்சவளா நான்? நடப்பேன், வைப்பேன், வருவேன். இப்ப ஆண்டவருக்கு என் மூஞ்சியே மறந்திருக்கும்."

படி கட்டிவிட்டால் தீர்ந்தது. அகலமான, தாழ்வான, முழங்கால் வலிக்காத கல்படி. அதற்குச் சபைக் கமிட்டி கூடியது. பாக்கியநாதன் அண்ணாச்சி பம்பாயிலிருந்து வந்து, முழுப்படியையும் சலவைக்கல்லில் தானே போட்டுத் தருவதாகவும், ஒவ்வொரு படியிலும் தன் குடும்பத்தார் பெயரை வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஒரே குடும்பம் எல்லாப் படியையும் எடுத்தால் நாங்கள் என்ன பறந்தா போவோம் என்று மற்றவர்கள் கேட்டார்கள். சரி, ஆளுக்கு ஒரு படி என்று ஆனது. அப்போதுதான் ஒரு பெரியவர், படியில் பெயரை வெட்டினால் அதை மிதித்துக்கொண்டுதானே ஊர் போகும் என்றார். செத்துப்போன தகப்பனின் பெயரை மிதிக்கக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? படியின் முன்பக்கத்தில் வெட்டலாம் என்றார்கள், அது கால்விரல் இடிக்கிற இடம். பெயரே வேண்டாம் என்றால் பணம் வராது. கீழ்ப்படி யாருடையது என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை நடந்தது, ஒருத்தரும் கீழ்ப்படியை எடுக்கவில்லை, கீழ்ப்படி இல்லாமல் மேல்படியைக் கட்டுகிற கொத்தனார் எங்கள் பக்கத்தில் இல்லை.

மேல்கட்சி கைவிட்ட பிறகு மாசிலாமணி அண்ணாச்சி பஞ்சாயத்துக்குப் போனார். போகிறபோதே அவருக்குப் பதில் தெரியும். ஊரார் வரிப்பணத்தில் ஒரு மதத்தின் கோயிலுக்குப் படி கட்டக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க டீக்கடையில் பேசி வந்தவரே அவர்தான். இருந்தாலும் போய்க் கேட்டார்.

"கட்டலாம் மாசிலாமணி" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். "உங்களுக்குக் கட்டினா அம்மன் கோயில்காரங்க கேப்பாங்க, பள்ளிவாசல்காரங்க கேப்பாங்க."

"அவங்க கோயில் பறக்கலையே."

"பறக்கட்டும். பறந்த பிறகு மூணுக்கும் சேத்துப் பாப்போம். நீரே சொல்லும், உம்ம நியாயப்படி இது சரிதானா?"

சரியில்லை என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தது. தன் நியாயத்தைத் தானே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். பேர் போட்டால்தான் கொடுப்போம் என்றது ஒரு பக்கம், பொதுப் பணத்தைத் தொடாதே என்றது இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் அவர் மனைவி ஆட்டுப் புழுக்கைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அக்கா அவரோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். அவர் வம்புக்கு இழுத்தாலும் "சரி", வரியைப் பற்றிப் பேசினாலும் "சரி". அண்ணாச்சி பிற்பாடு என்னிடம் சொன்னது இது: ஒரு நாள் காலையில் அக்கா அரிசி களைவதை அடுப்படி நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா வழக்கம்போல ஒரு பிடி அள்ளியிருக்கிறார். அள்ளின கை கோயில் சட்டிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி வந்து, அள்ளினதை உலைக்குள்ளேயே போட்டுவிட்டது. அன்றைக்கு அவர் தட்டில் ஒரு பிடி சோறு கூடுதலாக இருந்தது. "தொண்டைல இறங்கல டீச்சர்" என்றார். "நான் எத்தனை வருஷமாக் கேலி பண்ணின பிடி. அது திரும்பி வந்தா இப்படி இருக்கும்னு தெரியாமப் போச்சு."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தவர், வரிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். கதவுகள் சாத்திக்கொண்டன. அவர் முதல் வீட்டு வாசலில் நின்று, "பணம் வேண்டாம், ஒரு பிடி மண்ணு குடுங்க" என்றார்.

மண் கேட்ட வரி வசூல்காரரைப் பார்க்கக் கதவுகள் திறந்தன. அவர் சட்டம் எளிமையானது. உலைக்கு அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி மண் எடுத்துவைக்க வேண்டும், அவர் வந்து வாங்கிப் போவார், கோயில் வாசலுக்குக் கீழே கொட்டுவார். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. பேர் கிடையாது, ரசீதும் கிடையாது. மண்ணில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது. அவர் மேல்கட்சி வீட்டுக்கும் போனார், கீழ்கட்சி வீட்டுக்கும் போனார், அம்மன் கோயில் தெருவுக்கும் போனார். பள்ளிவாசல் தெருவில் ரஹ்மத்து அம்மா, "எங்க மண்ணு உங்க கோயிலுக்குச் செல்லுமா?" என்று கேட்டபடியே கொண்டுவந்து போட்டாள். "அந்த நிழல்ல படுக்காத ஆளு இந்தத் தெருவுல யாரு இருக்கா?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பாக்கியநாதன் அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டு இரண்டு லாரி செம்மண்ணோடு வந்து இறங்கினார். "ஒரே நாள்ல முடிச்சிருவோம் வே. எதுக்குப் பிச்சை எடுக்கேரு?"

"லாரி வேண்டாம் அண்ணாச்சி. உங்க வீட்டுல ஒரு பிடி."

"நான் ஊருக்கே சேத்துக் குடுப்பேன்!"

"குடுப்பிய. அப்புறம் ஊரு உங்க மண்ணு மேல நடக்கும், நடக்கும்போதெல்லாம் குனியும். எங்க அம்மா குனிஞ்சது போதும்."

பாக்கியநாதன் முகம் சிவந்து வண்டியைத் திருப்பச் சொன்னார். லாரிகள் போய்விட்டன. அவர் மட்டும் கொஞ்ச தூரம் போய்விட்டு நடந்து திரும்பி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, தன் பூர்வீக வீட்டு முற்றத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, பையில் போட்டார். அதன் பிறகு ஊரில் இருக்கும் நாளெல்லாம் அவர் வாசலில் ஒரு பிடி மண் காத்திருந்தது.

இரண்டு பக்கத்திலிருந்தும் வசவு வந்தது. சபைக் கமிட்டி, எங்கள் தீர்மானம் இல்லாமல் எப்படி வசூலிக்கலாம் என்றது. மேலதிகாரிகள் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஓய்வு பெற இருக்கிற வயதில் வேலையை இழக்கவேண்டுமா என்று மிரட்டினார்கள். நீர் வாங்குவது வரியா, நன்கொடையா? வரியென்றால் உத்தரவு எங்கே? நன்கொடையென்றால் அரசாங்க ஊழியர் வாங்கலாமா?

"மண்ணுங்க" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பதிலை எந்த விதிக்குக் கீழே கொண்டுவருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார்கள்.

மேடு மெதுவாகத்தான் வளர்ந்தது. ஐப்பசி மழை பாதியைக் கரைத்தது, மறுபடி பிடி பிடியாக ஏறி, வாசலடியிலிருந்து கோயிலின் அடி முழுக்கப் பரவியது. அண்ணாச்சி ஓய்வு பெற்றார், பையைத் திருப்பிக் கொடுத்தார், அக்காவின் அரிசிப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு மண் சேர்க்கப் போனார். சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். வீட்டாரின் ஒரு கையிலிருந்து அக்கா அரிசி வாங்குவார், மறுகையிலிருந்து அவர் மண் வாங்குவார், போகிற வழியெல்லாம் சண்டை திரும்ப ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவே நிம்மதியானது.

மண் கோயிலின் அடியை எட்டிய வருஷம், ஸ்தோத்திரப் பண்டிகை அன்றைக்கு, அக்கா வெள்ளைச் சேலையில் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினார். நின்று நின்று, மூச்சு வாங்கி, ஆனால் யார் கையையும் பிடிக்காமல். அண்ணாச்சி கூடவே வாசல்வரை வந்தார். மண்ணுக்கும் வாசற்கல்லுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி அப்போதும் இருந்தது. எத்தனை மண் போட்டாலும் அந்த விரலிடை மூடவில்லை, கோயில் அவ்வளவு தூரம் மட்டும் விலகிக்கொண்டே இருந்தது. அக்கா அதைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்களேன்."

"நான் வசூல்காரன். எனக்கு வாசலோட சரி."

"போங்க" என்று சிரித்துவிட்டு அக்கா நடுவழியே நடந்து போனார். பீடத்துக்கு முன்னால் பையை வைத்தார். நான் வாசித்துக்கொண்டிருந்த பாட்டை இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தேன். வேறு என்ன செய்வது, எனக்குக் கண் தெரியவில்லை, பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

மேடு வந்ததோடு நிழல் போனது. டீக்கடை ரோட்டோரத்துக்குப் போனது, கூட்டங்கள் ஒலிபெருக்கிக்குப் போயின, ஆடுகள் எங்கோ போயின. மேலேயும் கீழேயும் இல்லாமல் எல்லோரும் ஒரே மட்டத்தில் நின்றபோது, பேசிக்கொள்வது எப்படியோ குறைந்துபோனது. சீமோனுக்கு மட்டும் கவலையில்லை. அந்த விரலிடையில் சனிதோறும் ஈர்க்குச்சியை விட்டுக் கோயிலைச் சுற்றி இழுத்துவிட்டு, "இன்னும் எறும்பு ஏற முடியாது டீச்சர்" என்று பெருமையாகச் சொல்லுவார்.

வருஷங்கள் போயின. ஒரு மார்கழியில் சொர்ணபாய் அக்கா காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. பெட்டியைச் சரிவில் சாய்க்காமல் சுமந்து ஏறினார்கள், அத்தனை பதமாக அமைந்திருந்தது அந்த மண். ஆராதனை முடியும்வரை அண்ணாச்சி வாசற்கல்லுக்கு வெளியே நின்றார். ஐயர் உள்ளே வரச் சொல்லி ஆள் அனுப்பினார், அவர் வரவில்லை. சிலர் அதைத் தப்பாகப் பேசினார்கள். பேசினவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அவருக்குச் சாப்பாடு போனது. பிறகு, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், தானே பொங்கிக்கொள்வதாக. அதற்கடுத்த நாள் காலையில் நான் கோயிலில் தனியாகப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். வாசலில் வெளிச்சம் மறைந்தது. திரும்பினால் அண்ணாச்சி நிற்கிறார், வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு. சட்டையில் அடுப்புக்கரி, முன்கையில் அரிசி களைந்த ஈரம்.

நான் எழுந்தேன்.

"வாசிங்க டீச்சர், நிறுத்தாதிய" என்றார். "இதை எங்க வைக்கணும்னு தெரியல. அவதான் கொண்டுவருவா."

"உள்ள வந்து வைங்க அண்ணாச்சி."

அவர் வரவில்லை. வாசலில் குனிந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, தரைவரைக்கும் குனிந்தார். அவர் எங்கேயும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. கால் வெளியே இருந்தது. கை மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே வந்தது, வாசற்கல்லுக்கு உட்புறம் திறந்தது, ஒரு பிடி அரிசியை வைத்துவிட்டு வெளியே போனது. நான் வாசித்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று வாசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் சீமோன் துடைப்பத்தோடு என் வீட்டு வாசலில் நின்று கத்தினார். கோயில் முழுக்க எறும்பாம்.

போய்ப் பார்த்தோம். ஈர்க்குச்சி எங்கேயும் நுழையவில்லை, வாசற்கல் மண்ணில் அழுந்தி உட்கார்ந்திருந்தது. சரிவிலிருந்து ஏறிவந்த எறும்புகள், அண்ணாச்சி வைத்த அரிசியை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, அக்கா நடக்கிற நடுவழியே பீடத்தைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தன. சீமோன் துடைப்பத்தை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.